கொழுமிய மரபணுத் துகள்களும் மாதிரிச் சவ்வுகளும்

மரபணுவையோ தூது ஆர்.என்.ஏ.வையோ செல்லுக்குள் சேர்க்க, லிப்பிடு எனப்படும் கொழுமியங்களால் ஆன நுண்துகள்கள் பயன்படுகின்றன. அவை சவ்வைத் தொடும்போது நிகழ்வதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய எளிய சவ்வுகளில் கண்டறிய ஓர் ஆய்வுத்துறை முயல்கிறது.

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகிய நியூக்ளிக் அமிலங்களும் செல்லின் மேற்பரப்பும் எதிர்மின்னேற்றம் உடையவை, ஒன்றையொன்று விலக்கும். 1987-இல் பிலிப் ஃபெல்க்னர் குழுவினர் டோட்மா என்ற நேர்மின் கொழுமியத்தின் துணையால் டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் செலுத்திக் காட்டினர். ஆனால் எப்போதும் நேர்மின்னேற்றத்தோடு இருக்கும் கொழுமியம் இரத்தப் புரதங்களை ஈர்க்கும், செல்லுக்கும் நஞ்சாகும். எனவே, அமிலச் சூழலில் மட்டும் மின்னேற்றம் பெறும் கொழுமியங்கள் வந்தன. 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பட்டிசிரான் மருந்தும், பின்னர் வந்த கோவிட் தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் இவ்வகையின. பட்டிசிரான் துகளில் இத்தகைய கொழுமியம் 50, கொலஸ்ட்ரால் 38.5, பாஸ்போலிப்பிடு 10, பெக் என்ற பாலிமர் இணைந்த கொழுமியம் 1.5 என்ற மோல் விழுக்காட்டில் உள்ளன.

செல்லுக்குள் நுழைவதைவிட, நுழைந்த துகளை அடைத்துக்கொள்ளும் எண்டோசோம் என்னும் பையிலிருந்து வெளியேறுவதே கடினம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், உள்ளே போன குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.வில் 1 முதல் 2 விழுக்காடே தப்பி வெளிவந்தது. ஏன் இவ்வளவு குறைவு என்பதை உயிருள்ள செல்லில் பிரித்தறிவது அரிது. அதன் சவ்வில் எண்ணற்ற கொழுமிய வகைகளும் புரதங்களும் கலந்துள்ளன. மாதிரிச் சவ்வில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஆய்வாளரே முடிவு செய்யலாம். நீர்ப்பரப்பில் மிதக்கும் ஒற்றைப் படலம், கண்ணாடி மேல் படிந்த ஈரடுக்கு, ஒளி நுண்ணோக்கியில் தெரியும் பெருங்குமிழி ஆகியவை வழக்கமான வடிவங்கள்.

பெருங்குமிழிகளில் நடந்த ஒரு சோதனையை இத்துறையின் திருப்புமுனை என்றே சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் சைரஸ் சஃபின்யா குழுவினர், டி.என்.ஏ.வும் கொழுமியமும் சேர்ந்த கூட்டமைப்புகளை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தனர். ஒரு வகையில் டி.என்.ஏ. இழைகள் ஈரடுக்குகளுக்கிடையே வரிசையாகக் கிடந்தன. டி.ஓ.பி.இ. என்ற கொழுமியம் மிகுந்த மற்றொரு வகையில் அவை அறுகோணமாக அடுக்கிய குழாய்களுக்குள் இருந்தன. எதிர்மின் பெருங்குமிழிகளோடு சேர்த்தபோது அடுக்கு வகை ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது; குழாய் வகை விரைவாகச் சவ்வோடு இணைந்து கலைந்தது. 1998-இல் வெளியான இம்முடிவு, மின்னேற்றத்தோடு கொழுமியத்தின் வடிவமும் முக்கியம் என்பதைக் கண்முன் நிறுத்தியது.

எண்டோசோம் தப்பிப்புக்கும் இந்த வடிவமே விளக்கமாகத் தரப்படுகிறது. பையின் உட்புறம் அமிலமாக ஆக, துகளின் கொழுமியம் நேர்மின்னேற்றம் பெற்றுச் சவ்வின் எதிர்மின் கொழுமியத்தோடு இணைகிறது. அந்த இணை, தலை சிறுத்து வால் அகன்று, கடலைப் பொட்டலக் கூம்பு போலாகிறது. கூம்புகளால் தட்டையான ஈரடுக்கு நிலைக்காது. சவ்வு நெகிழ்ந்து சரக்கு வெளியேற வழி பிறக்கிறது. துகளைப் போர்த்தியிருக்கும் பெக் கொழுமியம் உதிராவிட்டால் இந்த நெருக்கமே ஏற்படாது.

மாதிரிகளுக்கு எல்லை உண்டு. கண்ணாடிமேல் படிந்த சவ்வு தட்டையானது. கண்ணாடியின் மின்னேற்றமும் குறுக்கிடும். பெருங்குமிழியில் துகள் வெளிப்புறமிருந்து அணுகுகிறது; எண்டோசோமிலோ அது உள்ளேயிருந்து, குழிந்த பரப்பைத் தொடுகிறது.