முப்பத்தாறு துண்டு வாழைக்காம்பு

1982-இல் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். நுண்ணோக்கி அம்பாலாவில் செய்தது. பூட்டுக்கு எங்கள் ஊர் என்றால் நுண்ணோக்கிக்கு அந்த ஊர். கண்ணில் தெரிவதைத் தாளில் இறக்க கேமரா லூசிடா இருந்தது. வொல்லஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1806-இல் காப்புரிமை வாங்கிய உத்தி அது. செல்லும் பென்சில் முனையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். அரை மணி வரைந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

எங்கள் பேராசிரியருக்குச் சிறுமலை வாழைமேல் பித்து. முடிக்கொத்து நோய் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்த காலம். இலைக்காம்பின் குறுக்குவெட்டு முழுவதும் ஒரே படமாக வேண்டும் என்பார். சவர பிளேடால் சீவி, சாஃப்ரனினில் சிவப்பேற்றி வைத்தாலும் லென்ஸில் ஒரு ஓரம்தான் அகப்படும். ஆகவே வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை புகைப்படம் எடுப்பேன். ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம். கணக்கு அதுவாகவே அமைந்தது. அச்சிட்ட படங்களைக் கத்தரித்து, மைதாப் பசை காய்ச்சி அட்டையில் ஒட்டுவேன். படத்தின் நடு வெளுத்தும் மூலை கறுத்தும் இருக்குமா, ஒட்டி முடித்தால் கட்டம் போட்ட லுங்கி மாதிரி தெரியும். பேராசிரியர் மட்டும் ரசித்தார்.

ஒவ்வொரு படத்தின் முதுகிலும் வரிசை எண், இட எண் இரண்டையும் பென்சிலால் குறிப்பேன். நோட்டிலும் ஒரு படி இருக்கும்.

பிறகு எல்லாம் கணினிக்குப் போனது. அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பண்ட் எழுதிய இமேஜ்ஜே மென்பொருள் 1997-இல் இலவசமாக வந்தது. பக்கத்துப் படங்களின் ஓரங்களை ஒப்பிட்டு, எவ்வளவு நகர்த்தினால் பொருந்தும் என்று கண்டு ஒட்டும் முறையை ஸ்டீபன் பிரைபிஷ் குழுவினர் 2009-இல் வெளியிட்டார்கள். வாழைக்காம்பில் மட்டும் அது திணறும். காற்றறைகள் பெரியவை, ஓரத்தில் வெறும் வெள்ளை விழுந்தால் எதைப் பிடித்துப் பொருத்துவது?

ஓய்வுபெற்ற பிறகு ஓர் ஆராய்ச்சி மாணவி கூப்பிட்டாள்.

"சார், திரையில படம் முழுசா இருக்கு. சேவ் ஆக மாட்டேங்குது."

"எத்தனை துண்டும்மா?"

"இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு, சார்."

484 படம். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 2048 புள்ளி. பத்தில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்தது போக, ஒட்டிய படம் பக்கத்துக்கு 40,755 புள்ளி; மொத்தம் 166 கோடி. ஒரு புள்ளியின் நிறத்துக்கு மூன்று பைட் என்றால் கிட்டத்தட்ட 498 கோடி பைட். 1986-இல் வந்த டிஃப் கோப்பு முறையோ தன் முகவரிகளை 32 பிட்டில் எழுதுகிறது. 4,294,967,296 பைட்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. அன்றைக்கு அவ்வளவு பெரிய படத்தை யார் கண்டார்கள்! ஜேபெக்காக்கினால் அடங்கும், ஆனால் அது நுணுக்கத்தைத் தின்றுவிடும்; செல்சுவரை அளக்க உதவாது.

64 பிட் முகவரி கொண்ட பிக்டிஃப் முறையில் சேமிக்கச் சொன்னேன். சேமித்தது. பென்டிரைவில் ஏற்றப் போனால் அது மறுத்தது. பழைய ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவ். அங்கேயும் அதே 32, அதே நான்கு ஜிபி சுவர். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றியதும் ஏறியது.

கிளம்பும்போது கோப்புறையில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பைக் காட்டினேன். எந்தத் துண்டு எந்த இடத்தில் பொருந்தியது என்று ஒட்டும் மென்பொருள் எழுதிவைக்கும் பட்டியல். சில கிலோபைட்தான். "இதையும் துண்டுப் படங்களையும் அழிச்சிடாதம்மா, பெரிய படம் போனாலும் மறுபடி ஒட்டிக்கலாம்" என்றேன்.

என் அட்டைகள் ஒன்றும் மிஞ்சவில்லை. மைதாப் பசைக்கு வந்த இராமபாணப் பூச்சி படத்தையும் சேர்த்து அரித்துவிட்டது. நெகடிவ் சுருள்கள் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன, கூடவே அந்த எண் நோட்டும்.