சொந்த மனை

உத்திரமேரூர் என்றால் குடவோலை என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டில் வெட்டிய கல்வெட்டு அது. ஊரில் 30 குடும்புகள். ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொல்லுவார்கள்.

வைகுந்தப் பெருமாள் கோயிலில் அந்த எழுத்துக்களைப் பார்த்தபோது என் மனம் குடத்தில் நிற்கவில்லை. யார் பெயர் அதில் விழலாம் என்ற நிபந்தனையில் நின்றது. வயது 35-லிருந்து 70-க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். அதோடு, சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கவேண்டும். வேதமும் பாஷ்யமும் வல்லவனுக்கு அரைக்கால் வேலி போதும் என்று நிலத்தில் சலுகை உண்டு. வீட்டுக்குச் சலுகை சொல்லவில்லை.

நியாயம் புரிகிறது. வீடுள்ளவன் கணக்குக் காட்டாமல் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போகமாட்டான். ஆனால் அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். உழுதவனுக்கு அந்தச் சபையில் இடமில்லை.

ஆயிரம் ஆண்டு கழித்து வந்த 1935-ஆம் ஆண்டுச் சட்டமும் சொத்து, வரி, படிப்பு என்று பார்த்தே ஓட்டுக் கொடுத்தது. 1951-52 தேர்தலில்தான் வாடகைக் குடித்தனக்காரனும் மிராசுதாரரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

இன்று மனை கேட்பதில்லை. வசிக்கும் முகவரி போதும். ஆனால் சென்னையைச் சுற்றி வயலெல்லாம் கல் நட்டுச் சதுர அடிக் கணக்கில் விற்கும் காலத்தில், அந்த முகவரிதான் யாருக்கு நிலைக்கிறது? வாடகை ஏறினால் குடித்தனக்காரன் அடுத்த ஊருக்குப் போகிறான். வாக்காளர் பட்டியலில் அவன் பெயர் பழைய தெருவிலேயே கிடக்கிறது, அதை யாராவது அடிக்கும் வரையில்.