வட ஆற்காட்டுத் தங்கப் பல்லி

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டுப் பல்லியைத் தொடாமல் திரும்பி வந்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. கூரையில் தங்கத்தில் ஒன்று, வெள்ளியில் ஒன்று. படியில் ஏறித் தொட்டுவிட்டால் பல்லி விழுந்த தோஷமெல்லாம் போய்விடும். சின்ன வயசில் வரிசையில் நிற்கும்போது, "தங்கப் பல்லி நிஜமாவே இருக்காம்மா?" என்று கேட்டேன். "அதான் கோயில்ல இருக்கே, அப்புறம் என்ன?" என்றார் அம்மா.

நிஜமாகவே இருக்கிறது என்று தெரிய எனக்கு நாற்பது வயசு ஆக வேண்டியிருந்தது. அது இருப்பதும் தூர தேசத்தில் இல்லை. எங்கள் கனகம்மாசத்திரத்தில் மழை ஓய்ந்த மறுநாள் காலை மொட்டை மாடியில் ஏறினால் வடமேற்கே நகரி மலை நீலமாகத் தெரியும். அதற்கும் பின்னால் இருக்கும் திருமலைப் பாறைகளில்தான் அறிவியல் உலகம் அதை முதலில் பார்த்தது. பார்த்துவிட்டு, நூறு வருஷத்துக்கு மேல் தொலைத்தும் விட்டது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

ரிச்சர்ட் ஹென்றி பெடோம் (1830–1911) ராணுவ அதிகாரியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தவர். பிறகு காட்டிலாகாவுக்கு மாறி, 1860 முதல் 1882 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். மரங்கள், பெரணிச் செடிகள் பற்றிப் படங்களோடு பெரிய பெரிய புத்தகங்கள் போட்டவர். காட்டைச் சுற்றும்போது கண்ணில் பட்ட பாம்பு, பல்லி, தவளை எதையும் விடவில்லை. தென்னிந்தியாவின் மண்ணுக்குள் வாழும் கேடய வால் பாம்புகளில் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான்.

1870இல் 'மெட்ராஸ் மந்த்லி ஜர்னல் ஆஃப் மெடிக்கல் சயின்ஸ்' இதழில் சில புதிய பல்லிகளைப் பற்றி எழுதினார். ஆமாம், டாக்டர்கள் படிக்கிற பத்திரிகையில்தான்! அதில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் 'கலோடாக்டைலஸ் ஆரியஸ்'. கிரேக்கத்தில் 'கலோஸ்' என்றால் அழகு, 'டாக்டைலோஸ்' என்றால் விரல். லத்தீனில் 'ஆரியஸ்' என்றால் பொன்னிறம். அழகிய விரல்களைக் கொண்ட பொன்பல்லி. ஆனால் முதல் பெயர் ஏற்கெனவே வேறொரு உயிரினத்துக்குப் போயிருந்தது. எங்கள் தொழிலில் இதை நேம்ஸ்பேஸ் மோதல் என்போம். அதனால் 1926இல் அந்தப் பெயரைக் 'கலோடாக்டைலோடிஸ்' என்று மாற்றினார்கள்.

எங்கே கிடைத்தது என்பதற்குப் பெடோம் கொடுத்த விலாசம் சுருக்கமானது: திருப்பதி மலை, வட ஆற்காடு.

இந்த விலாசத்தில்தான் நான் முதலில் மாட்டிக்கொண்டேன். பழைய ஊர்வன பதிவுகளின் இடப்பெயர்களை மேப்பில் புள்ளியாக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். அது 'வட ஆற்காடு' என்பதைப் படித்துவிட்டு வேலூர்ப் பக்கம் ஒரு புள்ளியை வைத்தது. ஸ்கிரிப்ட் மேல் தப்பில்லை. இன்றைக்கு வட ஆற்காடு என்றால் யாரும் வேலூரைத்தான் நினைப்பார்கள். 1870இல் திருப்பதியும் வட ஆற்காடு மாவட்டம்தான், கார்வேட்நகர் ஜமீனில் இருந்த திருத்தணியும் வட ஆற்காடுதான். 1911இல் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது இரண்டும் அதில் சேர்ந்தன. 1953இல் ஆந்திர மாநிலம் வந்தது. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. திருப்பதி அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

பல்லி பாறையை விட்டு நகரவே இல்லை. அதன் விலாசம்தான் மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் எல்லோரும் அதை ஆந்திரப் பல்லி என்று சொல்லும் நிலை வந்துவிட்டது.

பெடோமுக்குப் பிறகு ஒரு நீண்ட மௌனம். திருமலைக்கு நடந்து போன பக்தர்கள் எத்தனை லட்சம் இருக்கும்! ஆனால் எந்த ஆய்வாளரும் அந்தப் பல்லியைப் பார்த்ததாக எழுதவில்லை. 1986இல்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் ஜே.சி. டேனியலும் அவருடைய சகாக்களும் கிழக்குத் தொடர்ச்சி மலையில் தங்கப் பல்லியை மறுபடியும் கண்டதை அறிவித்தார்கள். டேனியல் நாகர்கோவிலில் பிறந்தவர். இந்திய ஊர்வன பற்றி அவர் எழுதிய கையேடு 1983இலேயே வந்திருந்தது.

அதே 1986 ஜனவரியில் அதே கழகத்தின் ஆய்வாளர்கள் பக்கத்துக் கடப்பை மாவட்டத்தில் ஜெர்டான் கோர்ஸர் என்ற பறவையையும் கண்டுபிடித்தார்கள். 1900க்குப் பிறகு யாரும் பார்க்காத பறவை அது. அழிந்தே போய்விட்டது என்று பலர் முடிவு கட்டியிருந்தார்கள். ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் அதைப் பிடித்தவர் ஐதன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர். பெடோம் விவரித்த இன்னொரு பல்லியும் இருக்கிறது, ஒடிசாவின் ஜெய்ப்பூர் மலையைச் சேர்ந்தது. அதன் கதையும் இப்படித்தான். 130 வருஷத்துக்கும் மேல் தகவலே இல்லாமல் இருந்து, மறுபடி கண்டுபிடித்த செய்தி 2012இல்தான் வெளியானது.

டேட்டாபேஸில் வேலை செய்கிறவர்களுக்கு 'நல்' என்பதற்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம் முதல் வாரத்திலேயே புரிந்துவிடும். பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. நல் என்றால் யாரும் எண்ணவே இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்து ரிப்போர்ட் போட்டால் மேனேஜரிடம் திட்டு விழும். தங்கப் பல்லி விஷயத்தில் நூறு வருஷமாக இருந்தது நல். படித்தவர்கள் அதைப் பூஜ்யம் என்று வாசித்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் இந்தப் பல்லி அப்படியொன்றும் ரகசியமாக வாழ்வதில்லை. பகலில் பாறை இடுக்கில் கிடக்கும், இருட்டிய பிறகு வெளியே வரும். ஓடை ஓரத்தில் ஈரமும் நிழலும் உள்ள பாறைப் பிளவுகள் அதற்குப் பிடித்த இடம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லி பளிச்சென்ற மஞ்சளில் மின்னும். பெண் பல்லி பழுப்பு நிறம். அதனால் 'தங்கம்' இல்லையே என்று பலர் கவனிக்காமல் போய்விடுவார்கள். முட்டை இடும் விதம் இன்னும் சுவாரசியம். மழை நேராக விழாத பாறைச் சுவரில் பல பெண் பல்லிகள் ஒரே இடத்தில் முட்டைகளை ஒட்டி வைக்கும். குஞ்சு வெளியே போன பிறகும் ஓட்டின் அடையாளம் வெள்ளை வெள்ளை வட்டமாகப் பாறையில் நிற்கும். அதாவது பல்லியையே பார்க்காவிட்டாலும் அது அங்கே வாழ்ந்ததற்கு ஒரு லாக் ஃபைல் இருக்கிறது.

இலங்கையின் தென்கிழக்குப் பாறைகளில் இதற்கு ஒரு உடன்பிறப்பு உண்டு. அதை 1953இல் தெரணியகல விவரித்தார். இந்த இனத்தில் உலகத்தில் இருப்பதே இந்த இரண்டும்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அதே பட்டியலில், தங்கப் பல்லிக்கும் இடம் கிடைத்தது.

1986க்குப் பிறகு ஆட்கள் தேடத் தொடங்கினார்கள். தேடத் தேடக் கிடைத்தது. ஆந்திராவில் வடக்கே பாபிகொண்டலு மலை வரைக்கும் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் வேலூர்ப் பக்கத்துக் குன்றுகள், செஞ்சிப் பக்கத்துக் குன்றுகள் என்று பதிவுகள் வந்தன. என் ஸ்கிரிப்ட் தப்பாக வைத்த வேலூர்ப் புள்ளி கடைசியில் முழுப் பொய்யும் இல்லை என்று ஆகிவிட்டது!

இப்போது அந்த மேப்பைப் பார்க்கிறேன். வடக்கே திருமலையில் புள்ளி, தென்மேற்கே வேலூரில் புள்ளி. நடுவில் நகரி, பள்ளிப்பட்டு, திருத்தணி, சோளிங்கர் குன்றுகள் என் மேப்பில் வெள்ளையாக இருக்கின்றன. பாறை இருக்கிறது, இடுக்கு இருக்கிறது, மழைக்காலத்தில் ஓடையும் இருக்கிறது. புள்ளி மட்டும் இல்லை.

போன புரட்டாசியில் ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் போனில் படத்தைக் காட்டினேன். இளவயசில் வருஷா வருஷம் திருப்பதிக்கு நடந்தே போனவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது பங்காரு பல்லிடா. தெலுங்குக்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க. மலை ஏறும்போது பாத்திருக்கேன்."

"நம்ம பக்கம் பாத்திருக்கீங்களா சித்தப்பா?"

"கல்லு உடைக்கப் போன எடத்துல ஒரு தடவ. குகை மாதிரி இருந்துது. மஞ்சளா சர்ருனு ஓடுச்சு."

"எந்த எடம்? எந்த வருஷம்?"

"வருஷமெல்லாம் யாருக்கு ஞாபகம்? அந்தக் குன்றே இப்ப இல்லையேடா."

இதை நான் பதிவாக எடுத்துக்கொள்ள முடியாது. படம் இல்லை, தேதி இல்லை, அவர் பார்த்தது வேறு ஏதாவது பாறைப் பல்லியாகவும் இருக்கலாம். ஆனால் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. ஐதன்னா போன்ற ஒருவரின் கண்ணை நம்பித்தானே கடப்பையில் அந்தப் பறவை திரும்பக் கிடைத்தது? சித்தப்பா சொன்னதைச் சரிபார்க்க இருந்த ஒரே வழி அந்தக் குன்று. அது இப்போது ஏதோ ஒரு சாலைக்கு அடியில் ஜல்லியாகக் கிடக்கிறது.

2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று அதில் சொன்னது. அனுமதிக்கான விண்ணப்பத்தில், பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள் அந்த இடத்தைப் பயன்படுத்துகின்றனவா என்ற கேள்வி உண்டு. அங்கே 'இல்லை' என்று எழுதுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் மழைக்காலத்து ராத்திரியில் டார்ச்சோடு அந்தப் பாறையைச் சுற்றி வந்திருக்க வேண்டும். வராமல் எழுதுகிற 'இல்லை' வெறும் நல். ஆனால் அந்த நல்லை வைத்துக் குன்றை உடைத்துவிட்டால், அப்புறம் அது நிஜமாகவே பூஜ்யம் ஆகிவிடும். கல்லுக்கு அன்டூ கிடையாது.

குவாரியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நான் வாங்கிய ஃப்ளாட்டும் அந்த ஜல்லியில் எழும்பியதுதான். உடைப்பதற்கு முன்னால் எண்ணிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். குன்றுப் பக்கம் போனால் பாறைச் சுவரில் ஒட்டிய வெள்ளை வட்டங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். தொடாதீர்கள், சுரண்டாதீர்கள். தேதியோடு ஒரு படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட்டில் போடுங்கள். பல்லியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்தியாவில் எந்தப் பல்லிக்கும் விஷம் கிடையாது. வேறு பல்லியின் முட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, அதுவும் ஒரு பதிவுதான். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் அதையும் எனக்கு எழுதுங்கள். எங்கே, எந்தத் தேதி, எத்தனை மணி நேரம் தேடினீர்கள் என்று இருந்தால் போதும். என் மேப்பில் அந்த இடத்துக்கு முதல் முறையாக ஒரு உண்மையான பூஜ்யத்தைப் போட்டுக்கொள்வேன்.

வருகிற ஐப்பசியில் நானும் கிளம்புகிறேன். சித்தப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். முட்டி வலி விட்டால்.