பார்பிக்கன்: சாம்பல் மேட்டில் எழுந்த குடியிருப்பு

யுத்தத்தில் அழிந்த நிலத்தில் மீண்டும் எதைக் கட்டுவது? அந்நிலம் எவ்வளவு பணம் தரும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் ஒருபுறம். அங்கு யார் வாழப் போகின்றார்கள் என்று கேட்பவர்கள் மறுபுறம். இலண்டன் மாநகரின் நடுவே, உலகின் மிக விலை கூடிய நிலங்களுள் ஒன்றில், இரண்டாவது கேள்விக்கு முதலிடம் கொடுத்துக் கட்டப்பட்டதே பார்பிக்கன் தொடர்மாடிக் குடியிருப்பு.

1940 டிசம்பர் 29 ஆம் திகதி இரவு ஜேர்மன் விமானங்கள் வீசிய தீக்குண்டுகள், 'சிற்றி' எனப்படும் பழைய இலண்டன் நகரின் பெரும்பகுதியை எரித்தன. துணி வியாபாரக் களஞ்சியங்கள் நெருங்கி நின்ற கிறிப்பிள்கேட் வட்டாரம் ஏறக்குறைய முற்றாக அழிந்தது. கவிஞர் மில்ரன் அடக்கம் செய்யப்பட்ட புனித கைல்ஸ் தேவாலயத்தின் சுவர்களும் கோபுரமும் எஞ்சி நின்றன. 1951 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அவ்வட்டாரத்தில் வசித்தவர்கள் 48 பேர் மாத்திரமே. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்த சிற்றி முழுவதிலும் அப்போது 5,324 பேரே இருந்தனர். பகலில் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் நிறைந்த கூட்டம் மாலையில் ரயிலேறிப் போய்விடும்.

வசிப்பவர்களே இல்லாத நகருக்குத் தனியான சபை எதற்கு என்ற கேள்வி எழுந்துவிடும் என்று சிற்றி நிர்வாகம் அஞ்சியது. ஆகவே, குடியிருப்பு யோசனையின் பின்னால் மனிதாபிமானம் மட்டும் இருந்தது என்று சொல்வதற்கில்லை. 1956 இல் வீடமைப்பு அமைச்சர் டங்கன் சான்டிஸ், நிலத்திலிருந்து கிடைக்கக்கூடிய கூடுதல் வருவாயை இழந்தாலும், பாடசாலைகளும் கடைகளும் திறந்த வெளிகளும் கொண்ட உண்மையான குடியிருப்பு ஒன்றை அங்கு அமைப்பதே விரும்பத்தக்கது என்று வலியுறுத்தினார். 1959 இல் சபை திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

வடிவமைத்தவர்கள் சம்பர்லின், பவல், பொன் என்ற மூன்று கட்டடக் கலைஞர்கள். மூவரும் ஒரே கல்லூரியில் கற்பித்தவர்கள். அருகிலுள்ள கோல்டன் லேன் குடியிருப்புக்கான போட்டியில் தனித்தனியே பங்குபற்றி, எவர் வென்றாலும் வேலையைச் சேர்ந்தே செய்வது என்று பேசிக்கொண்டார்கள். 1952 இல் பவல் வென்றார். அந்த உடன்பாடே அவர்களைப் பார்பிக்கனுக்கும் கொண்டுவந்தது.

ஏறக்குறைய 40 ஏக்கர் நிலத்தில் 2,000க்கும் சற்று அதிகமான வீடுகள். நாற்பதுக்கும் மேற்பட்ட மாடிகளுடன், 123 மீற்றர் உயரத்தில் மூன்று கோபுரங்கள். கட்டப்பட்ட காலத்தில் இலண்டனின் மிக உயரமான குடியிருப்புகள் இவையே. அவற்றில் இரண்டுக்குக் குறொம்வெல், சேக்ஸ்பியர் ஆகியோரின் பெயர்கள் இடப்பட்டன. கொங்கிறீற்று இறுகிய பின்னர் அதன் மேற்பரப்பைத் தொழிலாளர்கள் கைக்கருவிகளால் கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்கினார்கள். இத்தனை பெரிய தொகுதி முழுவதும் அவ்வாறு கொத்தப்பட்டது என்பதை அதைக் 'கொங்கிறீற்றுக் காடு' என்று ஏளனம் செய்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

எனினும், கோபுரங்களைக் காட்டிலும் அவற்றின் காலடியில் உள்ள வெளியே முக்கியமானது. வாகனங்கள் கீழே அனுப்பப்பட்டன. மனிதர்கள் நடப்பதற்காகத் தெரு மட்டத்துக்கு மேலே ஒரு புதிய தரை உருவாக்கப்பட்டது. செயற்கை ஏரியும் தோட்டங்களும் அமைப்பதற்கு வசதியாக நிலக்கீழ் ரயில் பாதையே நேராக்கி மாற்றப்பட்டது. றோமர் காலத்து மதிலின் எச்சங்களும் பழைய தேவாலயமும் இத்தொகுதிக்குள் அடங்கின. 1969 இல் முதல் குடியிருப்பாளர்கள் வந்தார்கள். 1982 மார்ச்சில் எலிசபெத் மகாராணி கலை நிலையத்தைத் திறந்து வைத்தார். வழி தெரியாமல் அலைந்த பார்வையாளர்களுக்காகத் தரையில் மஞ்சள் கோடு தீட்ட வேண்டியிருந்தது.

குறைகளும் உண்டு. இது ஏழைகளுக்காகக் கட்டப்பட்டதன்று. தொடக்கத்திலிருந்தே வாடகை அதிகம். 1980 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் பின்னர் பெரும்பாலான வீடுகள் நீண்டகாலக் குத்தகைக்கு விற்கப்பட்டன. தோட்டங்கள் குடியிருப்பாளர்களுக்கு மட்டுமே. ஆனால் ஏரிக்கரை மேடையிலும் உயர்நடைபாதைகளிலும் எவரும் அனுமதி கேட்காமல் நடக்கலாம், உட்காரலாம். 2003 இல் ஒரு வாக்கெடுப்பில் இலண்டனின் மிக அவலட்சணமான கட்டடம் எனத் தெரிவு செய்யப்பட்ட அதே பார்பிக்கன், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக 2001 இலேயே பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டிருந்தது.

பாதுகாப்பு அந்த எல்லைக்கோட்டுடன் நின்றுவிட்டது. அதன் தென்மேற்கு மூலையில், அதே உயர்நடைபாதைகளால் இணைக்கப்பட்டு 1976 முதல் இயங்கிய இலண்டன் அருங்காட்சியகம் 2022 டிசம்பரில் இடம்மாறுவதற்காக மூடப்பட்டது. அக்கட்டடத்தையும் அருகிலுள்ள பாஸ்டியன் ஹவுஸையும் இடித்து அலுவலகக் கட்டடங்கள் எழுப்புவதற்கு, குடியிருப்பாளர்களின் எதிர்ப்பையும் மீறி, 2024 ஏப்ரலில் சிற்றி நிர்வாகம் அனுமதி வழங்கியது. வருவாய் குறைந்தாலும் மக்கள் வாழட்டும் என்று 1959 இல் முடிவு செய்ததும் இதே நிர்வாகந்தான். அன்று அது 48 பேரைக் கண்டு அஞ்சியது. இன்று அங்கு ஏறக்குறைய 4,000 பேர் வாழ்கின்றார்கள். அவர்களுடைய சொல்லைக் கேட்க வேண்டிய அவசியம் அதற்கு ஏற்படவில்லை.