கோப்பாயும் சோலைவரியும்: உடைமைப் பதிவேடு பற்றிய ஒரு குறிப்பு

வீட்டுக்கும் வளவுக்கும் உள்ளூராட்சி மன்றத்திற்குச் செலுத்தும் வரியை யாழ்ப்பாணத்தவர் சோலைவரி என்பர். சொல்லில் நிழல் இருப்பினும் வரியில் அது இல்லை. இதனை வெறும் நிருவாக விடயமாகக் கொள்வதே வழக்கம். நாம் அவ்வாறு கருதவில்லை. அரசு எவரை உடைமையாளராகக் கண்டது, எவரைக் காணாது விட்டது என்பதற்கு வரிப் பதிவேட்டினும் சிறந்த சான்று அரிது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் வழிவந்த தோம்பு முறையைத் தொடர்ந்தனர். ஊர் ஊராக நிலமும் அதற்குரியவரும் பதியப்பட்டமை வரி அறவிடுவதற்கேயாம். 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையோ கோவியர், நளவர், பள்ளர் ஆகியோரை அடிமைகளாக, அதாவது பிறர் உடைமையாகவே, குறிப்பிடுகின்றது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயின் விடுவிக்கப்பட்டவருக்கு நிலம் வழங்கப்படவில்லை. கோப்பாயின் செம்மண் தோட்டங்களிற் கிணற்று நீர் இறைத்தவர்கள் பிறர் வளவின் ஓரத்திலேயே குடியிருந்தனர்.

இன்றைய கோப்பாய் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்கு உட்பட்டது. கிராம சபைகள் 1981இல் மறைந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தோற்றுவித்தது. கட்டடச் செறிவுள்ளவை எனப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் ஆண்டுப் பெறுமதியின் மீது வரி விதிக்க இச்சட்டம் இடமளிக்கின்றது. ஆண்டுப் பெறுமதியாவது, வீட்டை வாடகைக்குக் கொடுப்பின் ஓராண்டிற் பெறக்கூடிய தொகை. இங்குதான் முரண்பாடு வெளிப்படுகின்றது. கோப்பாயில் வீடு பெரும்பாலும் வாடகைக்கு எழுவதன்று, மகளுக்குச் சீதனமாக எழுதப்படுவது. ஒருவரும் பெறாத வாடகையைக் கற்பனை செய்து, பயன்பாட்டுப் பெறுமதியை மாற்றுப் பெறுமதியாக உருமாற்றியே இவ்வரி கணிக்கப்படுகின்றது. முழுத் தொகையையும் சனவரி 31க்கு முன் கட்டுவோருக்கு நூற்றுக்குப் பத்து வீதக் கழிவும் உண்டு. கையில் ரொக்கம் உள்ளவனுக்கே அச்சலுகை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் வரியைச் சுமையாக மட்டும் காண்பது, வீடுடையான் பார்வையிற் காண்பதாகும். பற்றுச்சீட்டு ஒரு சான்று. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், பத்தாண்டுகள் தடையின்றி, மற்றவன் உரிமைக்கு எதிராக நிலத்தை ஆண்டவனுக்கு உரிமை கோர வழி திறந்தது. வரிப் பற்றுச்சீட்டு மட்டும் அவ்வுரிமையைத் தராது. எனினும் வழக்கில் அது துணைச் சான்றாகும். குடியிருப்பவன் பெயரில் ஒரு துண்டுக் கடுதாசிதானும் எழுதப்படுவதை நிலக்காரன் விரும்பாமைக்கு இதனினும் வேறு காரணம் தேடவேண்டியதில்லை. வரி செலுத்தாமை சிலருக்குச் சலுகையன்று. சட்டத்தின் கண்ணில் அவர்கள் அங்கு இல்லை என்பதன் மறுபெயர்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது, பலர் பெட்டியில் முதலில் வைத்தவை உறுதிகளே. மறு ஆண்டு மீண்டவர்களுள் உறுதியுடையோர் இடிந்த சுவருக்கும் உரிமை கோரினர். 2009இன் பின் வந்த வீட்டுத் திட்டங்களிலும் நிலவுரிமைச் சான்று கேட்கப்பட்டது. புலம்பெயர்ந்தோரின் பூட்டிய வீடுகளுக்கு உறவினர் வரி கட்டுகின்றனர். இறந்துபோன பேரனாரின் பெயரிலேயே பற்றுச்சீட்டு வருவதும் உண்டு. பிறர் வளவில் மூன்று தலைமுறை வாழ்ந்தவனுக்கோ, தான் அங்கிருந்தமைக்கு அயலவர் வாய்மொழியே சான்று.