தூக்கியெறிந்த கோப்பு

1997 கிறிஸ்துமஸ் விடுமுறை. டியூக் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து அந்த ஆண்டுதான் மைக்ரோசாஃப்ட்டில் சேர்ந்திருந்த ஸ்காட் கத்ரி, கொண்டாட்டத்தை விட்டுவிட்டு நிரல் எழுதிக்கொண்டிருந்தார். வலைத்தளங்களுக்கு அன்று புழக்கத்தில் இருந்த மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி பக்கங்களில் எச்டிஎம்எல்லும் நிரலும் பின்னிப் பிணைந்து கிடந்தன. பக்கம் நீள நீள, எது எங்கே இருக்கிறது என்பது எழுதியவருக்கே பிடிபடாது. இரண்டையும் பிரித்துவிடலாம் என்று அவரும் மேலாளர் மார்க் ஆண்டர்ஸும் திட்டம் போட்டிருந்தார்கள். எக்ஸ்எஸ்பி என்ற அந்த முதல் மாதிரியை கத்ரி எழுதியதோ, சன் நிறுவனத்தின் ஜாவா மொழியில்! போட்டியாளரின் மொழியில் எழுதியது மைக்ரோசாஃப்ட்டுக்குள் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

தாக்குப்பிடித்தது. மொழி மாறி, பெயர் மாறி, 2002-இல் ஏஎஸ்பி டாட் நெட் ஆக வெளிவந்தது. கூடவே வந்த விஷுவல் ஸ்டுடியோவில் வலைச் செயலி எழுத ஒரே வழிதான். எந்தெந்தக் கோப்பு உள்ளே இருக்கிறது என்பதை ஒரு ப்ராஜெக்ட் கோப்பு வருகைப் பதிவேடு போல வைத்திருக்கும். பக்கங்களின் பின்னால் இருக்கும் நிரல் முழுவதும் கம்பைல் ஆகி ஒரே டிஎல்எல் கோப்பாகும். அந்த டிஎல்எல்லையும் பக்கங்களையும் சர்வரில் ஏற்றினால் வேலை முடிந்தது. கேட்பதற்கு எளிமை. ஆனால் ஒரு குழுவாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் சீக்கிரமே பல்லைக் கடிக்கத் தொடங்கினார்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கத்தைச் சேர்த்தால் ப்ராஜெக்ட் கோப்பில் மோதல். ஒரு வரி நிரலைத் திருத்தினாலும் மொத்தத்தையும் மறுபடி பில்ட் செய்ய வேண்டும். அதோடு ஒவ்வொருவர் கணினியிலும் மைக்ரோசாஃப்ட்டின் வலை சர்வரான ஐஐஎஸ் ஓடியாக வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி ஹோம் வைத்திருந்த மாணவனுக்கு அந்தக் கதவே திறக்காது, அந்தப் பதிப்பில் ஐஐஎஸ் கிடையாது. புகார்கள் குவிந்தன. அடுத்த பதிப்பில் எல்லாவற்றையும் அடியோடு மாற்றுவது என்று மைக்ரோசாஃப்ட் துணிந்தது.

2005 நவம்பர் 7. விஷுவல் ஸ்டுடியோ 2005 அறிமுகமானது. ப்ராஜெக்ட் கோப்பு காணாமல் போயிருந்தது! ஒரு ஃபோல்டரைத் திறந்தால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் தளம். ஐஐஎஸ் தேவையில்லை, எஃப்5 அழுத்தினால் குட்டி சர்வர் ஒன்று தானே கிளம்பி, திரையின் ஓரத்தில் ஐகானாக உட்கார்ந்துகொள்ளும். சர்வரில் ஒரே ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமித்தாலும் போதும், அடுத்த முறை யாராவது அதைக் கேட்கும்போது அதுவாகவே கம்பைல் ஆகும். சிறிய தளம் நடத்தியவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட பழைய செயலிகளைப் புதிய பதிப்பில் திறந்தவர்களுக்கு வேறொன்று காத்திருந்தது.

திறந்ததும் ஒரு மாற்றி ஓடும். அது கோப்புகளை இடம் மாற்றும், பொது நிரலை 'ஆப் கோட்' ஃபோல்டருக்குள் தள்ளும். முடிவில் பிழைச் செய்திகள் வரிசைகட்டி நிற்கும். பழைய முறையில் எல்லாம் ஒரே டிஎல்எல் என்பதால் எந்த நிரலும் எந்தப் பக்கத்தையும் பெயர் சொல்லி அழைக்க முடிந்தது. இப்போதோ பக்கங்கள் தனித்தனியாகக் கம்பைல் ஆயின, பொது நிரலுக்குப் பக்கங்களின் பெயரே தெரியாது. சர்வரில் மூல நிரலை வைக்க விரும்பாதவர்கள் முன்கூட்டியே கம்பைல் செய்து பார்த்தார்கள். 'ஆப் வெப்' என்று தொடங்கி, கண்டபடி எழுத்துகள் ஒட்டிய டிஎல்எல்கள் வந்து விழுந்தன. மறுபடி செய்தால் பெயர்கள் மாறியிருக்கும். நேற்று ஏற்றியதில் எதை எடுத்துவிட்டு இன்றையதை எங்கே வைப்பது?

கோப்பு மோதலைத் தீர்க்கப் போய், சர்வரில் ஏற்றும் முறையையே மைக்ரோசாஃப்ட் கலைத்துவிட்டிருந்தது. பெரிய குழுக்களுக்கு அந்தப் பதிவேடும் அந்த ஒற்றை டிஎல்எல்லும்தான் ஆதாரம்: எதைச் சோதித்தார்களோ, அதுவே அப்படியே சர்வருக்குப் போகும். புதிய வழி நல்ல வழிதான். பழையதையும் விட்டுவைத்திருந்தால் இந்தக் கொந்தளிப்பே வந்திருக்காது. நிறுவனங்கள் தங்கள் முடிவைக் கட்டிக்காப்பதுதான் வழக்கம். ஆனால் ஏஎஸ்பி டாட் நெட் குழுவை அப்போது வழிநடத்தியவர் அதே கத்ரி.

அறிமுகமாகி ஒரு மாதம் ஓடியதும், டிசம்பரில் அவர் அறிவித்தார்: பழைய முறை திரும்பி வருகிறது. குட்டி சர்வரை விட்டுவிடாமல், ப்ராஜெக்ட் கோப்பையும் ஒற்றை டிஎல்எல்லையும் மீட்டுக் கொடுக்கும் 'வெப் அப்ளிகேஷன் ப்ராஜெக்ட்' என்ற இணைப்பு 2006 மே மாதம் இலவசமாக வெளிவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த சர்வீஸ் பேக் 1 அதை விஷுவல் ஸ்டுடியோவுக்குள்ளேயே சேர்த்துவிட்டது. புதிய முறையை அவர்கள் நீக்கவும் இல்லை. விஷுவல் ஸ்டுடியோவின் ஃபைல் மெனுவில் நியூ ப்ராஜெக்ட், நியூ வெப் சைட் என்று இரண்டு வழிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதன் கதை இதுதான். எத்தனையோ நிரலாளர்கள் ஏனென்று கேட்காமலே அதில் ஒன்றைச் சொடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இரண்டும் நெடுநாள் சமமாக இருக்கவில்லை. 2009-இல் வெளிவந்த ஏஎஸ்பி டாட் நெட் எம்விசி, மீட்டெடுத்த வெப் அப்ளிகேஷன் ப்ராஜெக்ட்டின் மேல்தான் எழுந்தது. விஷுவல் ஸ்டுடியோ 2010 பதிப்பில், சோதனை சர்வருக்கு ஒரு விதமாகவும் நிஜ சர்வருக்கு வேறு விதமாகவும் கான்ஃபிக் கோப்பைத் தானே மாற்றித் தரும் வசதி வந்தபோது, அதுவும் போய்ச் சேர்ந்தது ஒருமுறை தூக்கியெறிந்த அந்த ப்ராஜெக்ட்டுக்குத்தான்.