மதுரை வீரன் கதைப்பாடல்: தோற்றமும் பாடவேறுபாடுகளும் – திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மதுரை வீரன் கதைப்பாடல் உடுக்கடிப் பாடலாகவும் அம்மானையாகவும் பெரிய எழுத்து நூலாகவும் திரைப்படமாகவும் வழங்கிவந்துள்ளது. நாயகனின் பிறப்பைக் காசி அரண்மனையில் வைக்கும் பாடமும், அருந்ததியர் குடியில் வைக்கும் வழக்கும் அருகருகே நிலவுகின்றன. இவற்றுள் எது கதையின் அடிப்படை அடுக்கைச் சார்ந்தது என்பதைப் பாடலின் அகச்சான்றுகளைக் கொண்டும், திண்டுக்கல் பாளையங்களின் சமூக அமைப்பைக் கொண்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மதுரை வீரன், கதைப்பாடல், கம்பளத்தார், அருந்ததியர், குச்சுக் காவல், திண்டுக்கல்

முன்னுரை

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளிச் சிற்றூர்களில் மதுரை வீரன் காவல் தெய்வம். மீசை முறுக்கி, ஓங்கிய வாளோடு நிற்பான். குதிரைமீது அமர்ந்திருப்பதும் உண்டு. இருபுறமும் பொம்மியும் வெள்ளையம்மாளும் நிற்பர். தனிக்கோயில் இல்லாத இடங்களில் அம்மன் கோயிலின் வாசலில் காவலனாக அவனுக்கு இடம் கிடைத்திருக்கும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகேயும் அவனுக்குச் சன்னிதி உள்ளது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்தவனாகக் கதை சொல்லும் ஒருவன் அவ்வூரின் பெருங்கோயில் வாயிலிலேயே தெய்வமாக நிற்கிறான் என்பது கதைப்பாடலின் எல்லா வடிவங்களுக்கும் பொதுவான முடிவு. தொடக்கம் அவ்வாறு பொதுவானதன்று. அவன் யார் பெற்ற பிள்ளை என்னும் வினாவிலேயே பாடங்கள் பிரிகின்றன.

கதையும் காலமுரணும்

அச்சில் பரவிய பாடத்தின்படி, காசி மன்னனுக்குக் கொடி சுற்றிய குழந்தை பிறக்கிறது. அது நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர் கூற, குழந்தை காட்டில் விடப்படுகிறது. சின்னானும் செல்லியும் அதை எடுத்து வளர்க்கின்றனர். பாடல்களில் சக்கிலியர் என்ற பழம்பெயரால் சுட்டப்படும் அருந்ததியர் குடியினர் இவர்கள். தெற்கே வந்து பொம்மண நாயக்கனின் பாளையத்தில் குடியேறுகின்றனர். பருவமெய்திய பொம்மி தங்கியிருந்த குச்சுக்குக் காவலிருக்கும் கடமை சின்னானுடையது. மழை இரவொன்றில் தந்தைக்குப் பதிலாக வீரன் செல்கிறான். காதல் பிறக்கிறது, இருவரும் ஊரைவிட்டு வெளியேறுகின்றனர். துரத்திவந்த பொம்மண நாயக்கன் போரில் மாள்கிறான். திருச்சி அரசன் விசயரங்க சொக்கலிங்க நாயக்கன் வீரனைப் பணியில் அமர்த்தி, கள்ளரை அடக்க மதுரைக்கு அனுப்புகிறான். அங்கே திருமலை நாயக்கரின் அரண்மனைச் சூழலில் வெள்ளையம்மாளைக் கண்டு விரும்புகிறான். அதுவே அவன் அழிவுக்கு வழியாகிறது.

இக்கதையில் வரும் அரசர் பெயர்களை வரலாற்றோடு ஒப்பிட்டால் ஓர் இடர் எழுகிறது. திருமலை நாயக்கரின் ஆட்சிக்காலம் 1623 முதல் 1659 வரை. விசயரங்க சொக்கநாதர் ஆண்டது 1706 முதல் 1732 வரை. பாடலின் சொக்கலிங்கன் இவரே எனில், இருவரும் ஒருகாலத்தவராக இருந்திருக்க இயலாது. கதைப்பாடல்களில் காலமுரண் புதிதன்று; அதைக் குறையாகக் கொள்ளவும் வேண்டியதில்லை. பாடகனுக்குத் திருமலை நாயக்கர் என்பது ஆண்டுக்கணக்கில் அடங்கும் ஆட்சியாளரின் பெயரன்று. மதுரை அரண்மனையின் மறுபெயர். எனினும் இம்முரணால் ஒரு பயன் உண்டு. விசயரங்கனின் பெயர் இடம்பெற்ற பாடம் 1706க்கு முன் அவ்வடிவில் இருந்திருக்க முடியாது. நிகழ்ச்சி எக்காலத்தது ஆயினும், நமக்குக் கிடைத்துள்ள பாடலின் உருவாக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலோ அதற்குப் பின்னரோதான் நிறைவுற்றது. நாயக்கர் அரசு திருச்சியிலும் மதுரையிலுமாக மாறிமாறி நிலைகொண்டிருந்த நினைவே கதையில் இரு அரசவைகளாக உருக்கொண்டது எனலாம்.

குச்சுக் காவல்

கதையின் திருப்புமுனை குச்சுக் காவலில் நிகழ்கிறது. பொம்மண நாயக்கன் தெலுங்கு பேசும் பாளையக்காரர் மரபினன். திண்டுக்கல் சீமையின் கன்னிவாடி, விருப்பாட்சி, அம்மையநாயக்கனூர் முதலிய பாளையங்கள் தொட்டியர் எனப்படும் கம்பளத்து நாயக்கர் வசம் இருந்தன. பருவமெய்திய பெண்ணை ஊருக்குப் புறத்தே பச்சைத் தழைகளால் வேய்ந்த குச்சில் தங்கவைப்பது அவர்களுடைய வழக்கம். அக்குச்சுக்கு இரவில் காவலிருக்கும் பொறுப்பு அருந்ததியருடையது என்பதை ஆங்கிலேயர் கால இனவரைவியல் பதிவுகளும் குறித்துள்ளன. ஆகவே சின்னானின் காவல், கதையின் வசதிக்காகப் புனையப்பட்ட தொழிலன்று. குறிப்பிட்ட இரு சமூகங்களுக்கிடையே நிலவிய சடங்குக் கடமை அது.

இக்கடமையின் பின்னணி கவனிக்கத்தக்கது. திண்டுக்கல் சமவெளி பெரும்பகுதி வானம் பார்த்த நிலம். தோட்டப் பயிருக்குக் கிணறே துணை. மின் இறைப்பான் வருவதற்கு முன்னர்க் கிணற்றுநீர் கமலையால் இறைக்கப்பட்டது. கமலைச் சாலோடு இணைந்த தோல்வாலைத் தைப்பதும், கிழிந்தால் ஒட்டுப்போடுவதும், மாட்டுக்கான வார் அறுத்துத் தருவதும் அருந்ததியர் தொழில். தோலைப் பதப்படுத்த வேண்டிய ஆவாரம்பட்டை இவ்வறண்ட நிலத்திலேயே மிகுதியாகக் கிடைத்தது. பின்னாளில் திண்டுக்கல் நகரம் தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்றதற்கும் இவ்விரண்டுமே அடித்தளம். நாயக்கர் தோட்டத்தில் கமலை ஓடவேண்டுமானால் அருந்ததியர் அருகில் இருந்தாக வேண்டும். ஆனால் ஊருக்குள் அல்ல. இருசாராரும் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட குச்சும், ஊருக்கு வெளியே வாழவைக்கப்பட்ட காவலனும் ஒரே இரவில் ஒரே இடத்தில் சந்திக்கும் சூழலை உருவாக்கியது காதல் அன்று, சாதி ஒழுங்கே. தீட்டுக்குரியவளாக விலக்கப்பட்ட பெண்ணையும் தீண்டாமைக்குள்ளாக்கப்பட்ட ஆணையும் தன் எல்லைக்கு வெளியே அருகருகே வைத்தது அவ்வொழுங்கு. இதை நன்கறிந்தவனே இப்பாடலை முதலில் கட்டியிருக்க முடியும்.

பொம்மண நாயக்கனின் பாளையம் திண்டுக்கல் சீமையில் இருந்தது என்பது இதன் பொருளன்று. இத்தகைய பாளையங்கள் திருச்சி, மதுரை, நெல்லைப் பகுதிகளிலும் இருந்தன. கம்பளத்தாரும் அருந்ததியரும் சேர்ந்து வாழ்ந்த ஒரு புன்செய்ப் பாளையமே கதையின் பிறப்பிடம் என்பதும், திண்டுக்கல் சமவெளி அத்தகைய நிலத்துக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு என்பதுமே இங்குக் கூறத்தக்கது.

காசிப் பிறப்பு

குச்சுப் பகுதியின் நுண்மையோடு காசிப் பகுதியை வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். காசி என்னும் பெயர் உண்டு. அங்குள்ள ஊரமைப்பு இல்லை, வழித்தடம் இல்லை, வழக்காறு இல்லை. கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்னும் தமிழ்நாட்டு நம்பிக்கைதான் காசி அரண்மனைக்கு ஏற்றிவைக்கப்பட்டுள்ளது. மாமனின் இடத்தில் நாடு வந்திருக்கிறது. புனிதமானதும் எட்டாததுமான ஊர் என்பதால், யாரும் சென்று சரிபார்க்க இயலாத பிறப்புச் சான்றிதழுக்குக் காசி பொருத்தமான இடமாகவே அமைந்தது.

இதைவிட வலுவான சான்று கதையின் இயக்கத்தில் உள்ளது. பொம்மண நாயக்கன் படைதிரட்டித் துரத்துவது வீரன் சின்னானின் மகன் என்பதால். பொம்மி ஊரைவிட்டு வெளியேற நேர்வதும் அதனால்தான். காசிப் பிறப்பு கேட்போருக்கு மட்டும் தெரிந்த இரகசியமாக நிற்கிறது. கதைமாந்தர் எவரும் அதன்படி நடப்பதில்லை. அப்பகுதியை நீக்கினால் பிற்பகுதியில் எந்த நிகழ்ச்சியும் சிதைவதில்லை. குச்சுக் காவலை நீக்கினாலோ கதையே இல்லை.

முத்துப்பட்டன் கதையிலும் இத்தகைய மாற்றம் காணப்படுகிறது. நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்ட அக்கதையில், அந்தணனான முத்துப்பட்டன் அருந்ததியரான வாலப்பகடையின் மக்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறான். அவ்விருவரும் உண்மையில் அந்தணப் பெண் பெற்ற குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று கூறும் பாடமும் வழங்குகிறது. அது பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பது வானமாமலையின் கருத்து. அங்கே உயர்த்தப்படுவது மணப்பெண்களின் பிறப்பு. இங்கே மணமகனின் பிறப்பு. இரண்டிலும் வளர்ப்புப் பெற்றோர் அருந்ததியராகவே விடப்படுகின்றனர். கலப்பு மணம் நடந்ததாகவும் இருக்கவேண்டும், நடக்காததாகவும் இருக்கவேண்டும் என்னும் தேவையை இந்த உத்தி நிறைவேற்றுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கைவிடப்பட்ட அரசிளங்குழந்தை உலகெங்கும் வழங்கும் பழைய கதைக்கூறு. ஆற்றில் விடப்பட்டுத் தேரோட்டி வீட்டில் வளர்ந்த கர்ணனைத் தெருக்கூத்துப் பார்த்த எந்தப் பாடகனும் அறிவான். ஆகவே சாதி நோக்கம் எதுவுமின்றியே அக்கூறு இங்கு வந்திருக்கலாம். மறுப்பு கருதத்தக்கதே. ஆனால் கர்ணனின் பிறப்பு மறைவு பாரதக் கதையை இறுதிவரை இயக்குகிறது. குந்தி வந்து அவனிடம் பேசுகிறாள். வீரனிடம் பேசக் காசியிலிருந்து எவரும் வருவதில்லை. கூறு பழையது என்பது அது இக்கதைக்குள் எப்போது, எதற்காக நுழைந்தது என்பதற்கு விடையாகாது.

தண்டனையும் அருளும்

முடிவுப் பகுதியிலும் பாடங்கள் வேறுபடுகின்றன. வெள்ளையம்மாளை இரவில் கவர்ந்துசெல்ல முயன்றபோது பிடிபட்டான் என்கிறது ஒரு பாடம். கள்ளரோடு கூட்டுச் சேர்ந்தவன் என்ற ஐயத்தால் தண்டிக்கப்பட்டான் என்கிறது மற்றொன்று. முதலாவதில் குற்றம் அவனுடையது. இரண்டாவதில் அது அரசனின் பிழை. பின்னர் மீனாட்சியின் அருளால் வெட்டுண்ட உறுப்புகள் மீண்டும் பொருந்துகின்றன. ஆயினும் வீரன் வாழ விரும்பாமல் உயிர்விட்டுத் தெய்வமாகிறான். அருள் நிகழ்ச்சி அரசனின் பழியைத் துடைக்கிறது. ஆனால் உடல் சரியான பின்னும் ஏன் இறந்தான் என்னும் வினாவுக்குப் பாடலால் எளிதில் விடை சொல்ல இயலவில்லை. கொலையுண்டவனே தெய்வமாவான் என்னும் நாட்டார் வழிபாட்டு விதி, பின்னர் ஒட்டப்பட்ட அருளை மீறி இங்கு வெளிப்பட்டுவிடுகிறது.

அச்சும் திரையும்

பெரிய எழுத்து நூல்கள் காசிப் பாடத்தை நிலைப்படுத்தின. உடுக்கைக்குப் பாடியவன் கேட்போர் யார் என்பதற்கேற்பத் தொடக்கத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. அச்சுக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை. சந்தையில் எல்லாச் சாதியாருக்கும் விற்கவேண்டிய நூல், எவரும் முகஞ்சுளிக்காத பிறப்பைத் தேர்ந்துகொண்டது.

இம்மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் மரபில் புகழ்பெற்ற ஸ்டாக்கர் லீ பாடல், 1895 டிசம்பர் 25 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் லீ ஷெல்டன் என்பவன் பில்லி லயன்ஸைச் சுட்டுக்கொன்ற நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது. 1928இல் மிசிசிப்பி ஜான் ஹர்ட் அதை இசைத்தட்டில் பதிந்தார். லாயிட் பிரைஸ் பாடிய வடிவம் 1959இல் விற்பனையில் முதலிடம் பெற்றபோது, தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் கொலையே இல்லாத வேறொரு பாடத்தையும் அவர் பாட நேர்ந்தது. அங்கே புதிய அவைக்கு உறுத்தியது கொலை. மதுரை வீரன் கதையில் உறுத்தியது பிறப்பு. கொலையையும் உறுப்பறுத்தலையும் தமிழ்ப் பதிப்பாளர் எவரும் மறைக்கவில்லை என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

1956இல் லேனா செட்டியாரின் கிருஷ்ணா பிக்சர்ஸ் தயாரிப்பில், டி. யோகானந்த் இயக்கத்தில், கண்ணதாசன் உரையாடலோடு வெளியான மதுரை வீரன் திரைப்படமும் காசிப் பிறப்பையே ஏற்றது. எம்.ஜி.ஆர். வீரனாகவும், பானுமதி பொம்மியாகவும், பத்மினி வெள்ளையம்மாளாகவும் நடித்தனர்; வளர்ப்புப் பெற்றோராக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் வந்தனர். படத்தில் நாயகனின் அழிவுக்கு நரசப்பன் என்னும் தனிமனிதனின் சூழ்ச்சி காரணமாக்கப்படுகிறது. பாடலில் பாளையம், அரண்மனை, தண்டனை முறை ஆகியன சேர்ந்து செய்ததைத் திரையில் ஒரு வில்லன் செய்துமுடிக்கிறான். இருப்பினும் படம் நாயகனின் மரணத்தை மாற்றவில்லை. நாட்டார் வீரர்களின் கதை எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பத்துக்குப் பயன்பட்ட விதத்தை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்துள்ளார். திரைப்படத்தின் வீச்சால் காசிப் பாடம் நூல் படிக்காதோரிடமும் சென்று சேர்ந்தது. சின்னான் பெற்ற மகன் என்னும் வழக்கு ஊர்வாய்மொழிக்குள் ஒடுங்கியது.

அவ்வழக்கு மீண்டும் எழுத்துக்கு வந்தது அருந்ததியர் தம் வரலாற்றைத் தாமே எழுத முற்பட்டபோது. தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2009இல் இயற்றப்பட்ட காலத்தையொட்டி இத்தகைய எழுத்துகள் பெருகின. அவற்றில் மதுரை வீரன் வளர்ப்பு மகன் அல்லன்; பெற்ற மகன். இவ்வெழுத்துகளை உரிமைக் குரல் என்று மட்டும் கொண்டு ஆய்வுக்கு வெளியே நிறுத்துவது முறையாகாது. கதையின் அகக்கட்டமைப்பு அவற்றின் பக்கமே நிற்கிறது. இனிவரும் ஆய்வுப் பதிப்பு எதுவும் காசிப் பகுதியை நூலின் தொடக்கமாக வைக்காமல், பாடவேறுபாடாகப் பிரித்து அச்சிட்டு, குச்சுக் காவலிலிருந்து கதையைத் தொடங்குவதே பொருத்தம்.